இரவுப் பறப்புப் பயிற்சி: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

தனியார் விமானி உரிமம் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. என் பறப்புப் பதிவேட்டில் 212 மணி நேரம் இருக்கிறது. அதில் இரவுப் பறப்பு 19 மணி நேரம்தான். அந்த 19 மணி நேரத்துக்குள் ஒரு பத்து விநாடி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

நிலா இல்லாத இரவு. ஓடுபாதையின் கடைசி விளக்கைத் தாண்டினால் ஏரி, ஏரிக்கு மேல் வானம், இரண்டுக்கும் நடுவில் கோடு என்று எதுவும் இல்லை. சக்கரம் தரையை விட்ட சில நொடிகளில் விமானத்தின் மூக்கு செங்குத்தாக எழுவதுபோல் முதுகில் உணர்ந்தேன். என் கை தானாகவே கட்டுப்பாட்டை முன்னால் தள்ளியது. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த விமானி ஒன்றும் பேசவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து மெல்லப் பின்னால் இழுத்தார். அப்போதுதான் உயரமானியைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருக்க வேண்டிய முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று தனியாகப் போயிருந்தால் என்னைப் பற்றி யாரோ ஓர் அறிக்கை எழுதியிருப்பார்கள். எஞ்சின் நன்றாக இருந்தது, எரிபொருள் நிறைந்திருந்தது, வானம் தெளிவாக இருந்தது, இருந்தும் விமானம் ஏரியில் விழுந்தது என்று. நான் ஏன் அப்படித் தள்ளினேன் என்பது எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

சிறிய விமானங்கள் இரவில் ஏன் விழுகின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மாலைகள் நடக்கும் வகுப்பு இது. ஒரு தடவைக்கு நான்கு பேர். இருட்டறை, சுழல் நாற்காலி, சிமுலேட்டர், பிறகு விபத்து அறிக்கைகளை வரிவரியாகப் படிப்பது. நடத்துபவர் பயணிகள் விமானங்களில் நெடுங்காலம் பறந்து ஓய்வு பெற்ற கேப்டன். நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். தவிர, இதே போன்ற வகுப்புகள் வேறு இடங்களிலும் நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் மாலை இருட்டறையில் தொடங்கியது. கைபேசிகளை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எங்களைச் சும்மா உட்கார வைத்தார் கேப்டன். கண் முழுதாக இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எதிர்ச்சுவரில் ஏதோ வெளிறிய புள்ளிகள் இருப்பதாகத் தோன்றியது. நேராகப் பார்த்தேன், மறைந்துவிட்டன. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினேன், திரும்ப வந்தன. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லவே இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் இருட்டில் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதுவே கண்ணுக்குத் தப்புகிறது. பார்க்க வேண்டிய பொருளிலிருந்து ஐந்து முதல் பத்து டிகிரி விலக்கிப் பார்க்கப் பழக வேண்டும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். அந்தப் புள்ளிகள் என் கண்முன் மறைந்து தோன்றும்வரை அது எனக்கு வெறும் வரிதான்.

பிறகு ஒரே ஒரு சிறு விளக்கு. அதையே பார்க்கச் சொன்னார். பத்து விநாடிக்குள் அது நகரத் தொடங்கியது. எனக்கு இடப்பக்கமாக மெதுவாக மிதந்தது. எங்களுடன் இருந்த இளைஞனுக்கு மேலே ஏறியது. ஒவ்வொருவரும் அது போன வழியைத் தாளில் வரைந்தோம், நான்கும் நான்கு விதம். விளக்கைப் போட்டுக் காட்டினார்: அது சுவரில் திருகாணியால் முடுக்கப்பட்ட விளக்கு. சுற்றிலும் ஒப்பிட வேறு பொருள் இல்லாவிட்டால் நிற்கும் ஒளியையும் மூளை நகர்த்திவிடும். இரவில் விண்மீனை எதிரே வரும் விமானம் என்று எண்ணி விலகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தொலைவில் கரையோரமாக ஓடும் சாலை விளக்குகளை அடிவானம் என்று நம்பி, விமானத்தை அந்தச் சாய்வுக்கு ஒத்தபடி சாய்த்துக்கொண்டே போனவர்களும் இருக்கிறார்கள்.

இந்த அறையில் இன்னும் இரண்டு செய்திகள் கிடைத்தன. சிவப்பு விளக்கு இருட்டுப் பார்வையைக் காக்கும் என்று நாம் அதை வாங்கி வைத்திருக்கிறோம். அதே வெளிச்சத்தில் வரைபடத்தைக் காட்டினார் கேப்டன். சிவப்பு மையில் அச்சிட்டிருந்த எச்சரிக்கைக் குறிகள் காகிதத்தோடு கலந்து மறைந்துவிட்டன. இன்னொன்று, ஆக்சிஜன் குறைவதை உடம்பில் முதலில் உணர்வது கண். அதனால்தான் இரவில் 5,000 அடிக்கு மேல் போனாலே ஆக்சிஜன் பயன்படுத்தச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். பகலில் அந்த உயரத்தை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

அடுத்தது நாற்காலி. இந்தப் பயிற்சியில் சேர ஒரே ஒரு காரணம் கேட்டால் இந்த நாற்காலியைத்தான் சொல்வேன்.

பார்ப்பதற்கு அலுவலக நாற்காலி மாதிரிதான். அடியில் நல்ல தாங்கி இருப்பதால் சுற்றும்போது சத்தமோ அதிர்வோ இல்லை. கண்ணைக் கட்டி, தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, இரண்டு கட்டை விரல்களையும் மேலே நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் சுற்றுவதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் விரலைச் சாய்க்க வேண்டும். மற்ற மூவரும் பேசக் கூடாது. நாற்காலி வலப்பக்கம் நகர்ந்தது. விரலை வலப்பக்கம் சாய்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேகம் குறைவதாகத் தோன்றியது. பிறகு நின்றுவிட்டது. விரலை நிமிர்த்தினேன். யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. உடனே நாற்காலி இடப்பக்கம் சுழலத் தொடங்கியது. வேகமும் கூடிக்கொண்டே போனது. விரலை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்தேன். “கட்டை அவிழுங்கள்” என்றார் கேப்டன். அவிழ்த்தேன். நாற்காலி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. என் இரண்டு கட்டை விரல்களும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இளைஞன்தான் நடந்ததைச் சொன்னான். “அக்கா, நீங்கள் நின்றுவிட்டது என்று விரலை நிமிர்த்தியபோது நாற்காலி அதே வேகத்தில் வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் என்று காட்டியபோது அவர் அதை மெதுவாக நிறுத்திக்கொண்டிருந்தார்.”

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் நீர்மம் இருக்கிறது. தலை திரும்பத் தொடங்கும்போது நீர்மம் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கலைத்தான் நாம் ‘திரும்புகிறோம்’ என்று உணர்கிறோம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் இருபது விநாடியில் நீர்மம் குழலின் வேகத்தை எட்டிப் பிடித்துவிடும். உணர்வு அற்றுப்போகும். நிறுத்தினால் நீர்மம் மட்டும் ஓடும், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். பகலில் கண் இதையெல்லாம் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது. நிலவில்லாத இரவில், அதுவும் தண்ணீருக்கு மேல், திருத்துவதற்கு ஆளில்லை.

விமானத்தில் இது எப்படிக் கொல்கிறது என்பதைக் கேப்டன் கையில் ஒரு மாதிரி விமானத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவு மெதுவாக என்பதால் காது கவனிப்பதில்லை. சாய்ந்த விமானம் திரும்பும், உயரம் இழக்கும். விமானிக்குத் தான் நேராகப் பறப்பதாகவே தோன்றுகிறது. உயரம் குறைவதை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டைப் பின்னால் இழுக்கிறார். இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும், விமானம் இன்னும் வேகமாக இறங்கும். இன்னும் இழுக்கிறார். முதலில் இறக்கையைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு இழுத்திருந்தால் போதும். ஆனால் சமப்படுத்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாக அவருடைய காது கத்தும். நாற்காலியில் என் விரல்கள் சாய்ந்தது போல.

இந்த இடத்தில்தான் 1999 ஜூலை 16 இரவைப் பற்றிப் பேசினோம். அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தம் மனைவி, மனைவியின் சகோதரி ஆகியோருடன் நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்டு தீவை நோக்கிப் பைப்பர் சரடோகா விமானத்தில் புறப்பட்ட இரவு. அவருக்குச் சுமார் 310 மணி நேர அனுபவம், அதில் 55 மணி நேரம் இரவு. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று கிடையாது. புகைமூட்டம் போன்ற மங்கல். பாயின்ட் ஜூடித் என்ற கரை முனையைத் தாண்டியதும் கரையை விட்டுச் சுமார் 30 மைல் திறந்த கடல். ரேடார் பதிவில் விமானம் திரும்புகிறது, கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி திரும்புகிறது, கடைசியில் வலப்பக்கம் இறுகிய திருப்பத்தில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் கடலை நோக்கி இறங்குகிறது. விமானத்தில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரவில் நீர்ப்பரப்புக்கு மேல் இறங்கும்போது திசையுணர்வு குலைந்து கட்டுப்பாட்டை இழந்தார், மங்கலும் இருண்ட இரவும் துணைக் காரணங்கள் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

அவருடைய இரவு அனுபவம் என்னுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வரியைப் படித்ததும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைப் பற்றியும் சொன்னார். கருவிப் பறப்புப் பழக்கமே இல்லாத இருபது பேரை வெளியே எதுவும் தெரியாத நிலைக்குக் கொண்டுபோனார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. இந்த எண்ணைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பயமுறுத்துவதற்கென்றே அது மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தச் சோதனையின் மறுபாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. குறைந்த கருவிகளை வைத்துக்கொண்டு வந்த வழியே 180 டிகிரி திரும்புவது எப்படி என்று அதே ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், கற்றபிறகு ஏறத்தாழ எல்லா முயற்சிகளிலும் அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். விநாடிக்கு மூன்று டிகிரி வீதம் ஒரு நிமிடம் திரும்பினால் அரைவட்டம் முடிந்துவிடும். எங்கள் நால்வரையும் சிமுலேட்டரில் அந்தத் திருப்பத்தை ஆறு தடவை செய்ய வைத்தார். ஆறாவது தடவை எனக்குக் கை நடுங்கவில்லை. இதற்காக அந்தக் கேப்டனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் ஏரி இரவைப் பற்றியும் கேட்டேன். விமானம் வேகம் எடுக்கும்போது உடம்பு இருக்கையோடு பின்னால் அழுந்துகிறது. கண்ணுக்கு ஆதாரம் இல்லாதபோது, அந்த அழுத்தத்தையும் மூக்கு மேலே எழுந்தால் உண்டாகும் அழுத்தத்தையும் உள்காதால் பிரித்தறிய முடியாது. அதனால் கை முன்னால் தள்ளுகிறது; தள்ளினால் வேகம் இன்னும் கூடுகிறது, பொய்யுணர்வும் கூடுகிறது. இருட்டுக்குள் புறப்படும்போது விமானத்தின் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் செயற்கை அடிவானக் கருவியில் கண் வைத்து, ஏறும் கோணத்தைப் பிடித்து, உயரமானி ஏறுவதை உறுதி செய்துகொண்ட பிறகே வேறு வேலை. “வெளியே பார்த்துக்கொண்டு ஏறினீர்கள், இல்லையா அம்மா?” என்றார். ஆமாம். பகலில் பழகிய பழக்கம்.

இனி சிமுலேட்டர். இங்கேதான் எனக்குக் குறை. திரையில் காட்டும் இருட்டு உண்மையான இருட்டு இல்லை, அது சாம்பல். ஒளிவீச்சியின் மெல்லிய வெளிச்சம் திரை முழுதும் பரவியிருந்ததால் அடிவானம் எங்கே என்று ஊகிக்க முடிந்தது. கருவிப்பலகையின் விளக்கையும் ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியவில்லை. அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பெற்ற பார்வை காக்பிட்டில் ஏறிய மறு நிமிடமே போயிற்று. முதல் மாலை நாங்கள் முறையிட்டோம். மறுநாள் கேப்டனே ஜன்னல்களில் கருப்புப் படலம் ஒட்டி வைத்திருந்தார். அதன்பிறகு வித்தியாசம் தெரிந்தது, முழுதாக இல்லாவிட்டாலும்.

படலம் ஒட்டிய பிறகு செய்த பயிற்சிதான் ‘பிளாக் ஹோல்’ என்று விமானிகள் சொல்லும் இறக்கம். எதிரே ஓடுபாதை விளக்குகள் மட்டும், முன்னாலும் பக்கத்திலும் கும்மிருட்டு. ஊரும் இல்லை, சாலையும் இல்லை. நான் நல்ல உயரத்தில் இருப்பதாகவே தோன்றியது. சற்று அதிகமோ என்றுகூட எண்ணி விசையைக் குறைத்தேன். ஓடுபாதை அதே வடிவத்தில், அதே கோணத்தில் எனக்காகக் காத்திருந்தது. திடீரென்று விளக்குகள் கீழிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன. அவை அணையவில்லை. எனக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் மேடு எழுந்து அவற்றை மறைத்துக்கொண்டிருந்தது. திரை சிவந்தது. ஓடுபாதைக்கு முக்கால் கிலோமீட்டர் முன்பே தரையில் மோதியிருந்தேன்.

1960களில் போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் இதைச் சிமுலேட்டரில் ஆராய்ந்தார். பெரிய விமானங்களில் பழம் தின்று கொட்டை போட்ட விமானிகளே இப்படித் தாழ்ந்து இறங்கினார்கள். ஓடுபாதை கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தை மாறாமல் வைத்துக்கொள்ளக் கை முயல்கிறது, அந்த முயற்சியில் பாதை நேர்கோடாக இல்லாமல் கீழ்நோக்கி வளைந்த வில்லாகிவிடுகிறது. ஓடுபாதை மேல்நோக்கிச் சரிந்திருந்தாலோ வழக்கத்தைவிடக் குறுகியிருந்தாலோ ஏமாற்றம் இன்னும் கூடும். மருந்து எளிது. ஓடுபாதையின் பக்கத்தில், இறங்கும் கோணம் சரியா என்று காட்டும் நான்கு பாப்பி (PAPI) விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான்கும் சிவந்தால் உடனே ஏற வேண்டும். பாப்பி இல்லாத இடத்தில் ஒவ்வொரு கடல் மைலுக்கும் சுமார் 300 அடி என்று கணக்கு வைத்து, தூரத்தையும் உயரமானியையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன். கண் முழுநேரமும் ‘அதிக உயரம், அதிக உயரம்’ என்றது. சக்கரம் சரியான இடத்தில் தொட்டது.

இரண்டாம் மாலையின் பின்பாதி விபத்து அறிக்கைகள். நான் அதிகம் எதிர்பார்த்ததும் ஏமாந்ததும் இதில்தான். அறிக்கைகளைத் தேர்ந்தெடுத்த விதம் அருமை. படித்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். ஒவ்வோர் அறிக்கையின் முடிவிலும் ‘விமானியின் பிழை’ என்று எழுதி அடிக்கோடு இட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார் கேப்டன்.

1959 பிப்ரவரி 3ஆம் தேதி நள்ளிரவு கடந்து அயோவா மாநிலத்தின் மேசன் சிட்டியிலிருந்து ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சா புறப்பட்டது. உள்ளே பாடகர் பட்டி ஹோலி உட்பட மூன்று இசைக் கலைஞர்கள், 21 வயது விமானி. சில நிமிடங்களில் வயல்வெளியில் விழுந்து நால்வரும் இறந்தார்கள். கருவிப் பறப்புக்குத் தகுதி பெறாத விமானி, கருவிகளையே நம்ப வேண்டிய இரவில் கிளம்பியது தவறு என்றுதான் அறிக்கை தொடங்குகிறது. அதோடு முடியவில்லை. வானிலை எச்சரிக்கைகள் வந்திருந்தும் விமானியிடம் சொல்லப்படவில்லை. அந்த விமானத்தில் இருந்த ஸ்பெர்ரி நிலைகாட்டும் கருவி, மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் அவர் பழகிய கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகை. பனி விழும் இருட்டில் அந்த இளைஞர் கருவியை நம்பியிருந்தாலும், எதை நம்புவது என்பதில் குழம்பியிருக்கக்கூடும். இதைப் ‘பிழை’ என்ற ஒரு சொல்லில் எப்படி அடைப்பது?

2019 ஜனவரி 21 இரவு ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மலிபுவும் அப்படித்தான். கால்பந்து வீரர் எமிலியானோ சாலா நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் போன விமானம். விமானிக்கு இரவில் பறக்க உரிமமே இல்லை. மேகத்தைத் தவிர்க்கத் திருப்பும்போது கட்டுப்பாட்டை இழந்தார், விமானம் வானிலேயே உடைந்தது. ஆனால் சாலாவின் இரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபினில் 58 விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. எஞ்சின் புகை உள்ளே கசிந்திருக்கிறது, விமானியும் அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்கிறது பிரிட்டனின் புலனாய்வுப் பிரிவு. ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி ஒன்று உள்ளே இருந்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்ததாக 2021இல் தண்டிக்கப்பட்டார். உரிமம் இல்லாதவரை இருக்கையில் உட்கார வைத்ததில் தரையில் இருந்தவர்களுக்கும் பங்கு இருந்தது.

நான் கையை உயர்த்தினேன். “கேப்டன், ‘விமானியின் பிழை’ என்று எழுதிவிட்டால் நாங்கள் நால்வரும் வீட்டுக்குப் போகும்போது ‘நான் அவ்வளவு மோசமில்லை’ என்று நினைத்துக்கொண்டுதான் போவோம். அவர் கிளம்புவதற்கு முன் யார் யார் என்னென்ன சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை என்பதை எழுதுங்கள்” என்றேன். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு அழித்துவிட்டு, சாலா விபத்துக்கு மட்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். பலகை நிறைந்தது. நேரமும் முடிந்துவிட்டது. அந்தப் பலகைக்கு ஒரு முழு மாலை ஒதுக்க வேண்டும் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேரம் போதாமல் நசுங்கிய இன்னொரு பகுதி வானிலை. மேகமில்லாத, காற்றில்லாத, அழகான இரவில்தான் தரை வேகமாகக் குளிர்ந்து மூடுபனி எழுகிறது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி இரண்டு மூன்று டிகிரிக்குச் சுருங்கினால் திரும்பி வரும்போது ஓடுபாதை இருக்காது. இரவில் மேகம் கண்ணுக்குத் தெரியாது. கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைவதும் இறக்கை விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் படர்வதும்தான் அடையாளம். 2022 நவம்பர் 27 மாலை, மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கில் மூடுபனிக்குள் இறங்கிய மூனி விமானம் ஒன்று குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே போய் மின்கோபுரத்தில் சிக்கியது. உள்ளே இருந்த இருவரும் பல மணி நேரம் அந்தரத்தில் தொங்கி உயிர் பிழைத்தார்கள். இதற்கெல்லாம் சேர்த்து இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். செயற்கை அடிவானக் கருவியை இயக்கும் வெற்றிடப் பம்பு பழுதாகி, அந்தக் கருவி மெல்லச் சரிவதை ஒரு தடவை காட்டியதோடு சரி. அதை மூடிவிட்டு மற்றக் கருவிகளால் பறக்க ஒவ்வொருவருக்கும் வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். இரவில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பது கையேட்டில் அரைப்பக்கம், அதுவும் மங்கிய அச்சு.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் சேருங்கள் என்றே சொல்கிறேன். குறிப்பாக, இரவுத் தகுதி பெற்றுவிட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் இரவில் பறப்பவர்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவில் பறக்க 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று இறக்கம் என்று அமெரிக்க விதி கேட்கிறது. நான் கடைசியாகக் கணக்குப் பார்த்தபோது ஏழு மாதத்தில் இரண்டு. என் விமானத்தில் ஒலி எழுப்பும் கார்பன் மோனாக்சைடு கருவியைப் பொருத்திவிட்டேன். இரவுக்குரிய எரிபொருள் இருப்பு 45 நிமிடம் என்பதை ஒரு மணி நேரமாக்கிக்கொண்டேன். ‘எத்தனை மணிக்கு வருவாய்’ என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நேரம் சொல்வதில்லை, வந்தபிறகு கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் இதற்கு முதலில் முகம் சுளித்தார்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை: நாற்காலி இருக்கிறதா, சிமுலேட்டர் அறையை முழுதாக இருட்டாக்க முடியுமா, 180 டிகிரித் திருப்பத்தை எத்தனை முறை செய்ய விடுவார்கள். நாற்காலி நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது வண்டி ஓட்ட வேண்டாம். எனக்கு அன்று இரவு படுத்த பிறகும் கட்டில் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.